உரிமையில்லா நிலத்தின் மீது அன்பு: ஜூடித் ரைட் கவிதைகளில் ஓர் அறவினா

முன்னுரை

ஒரு நிலத்தைப் பாடும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினா, திணைக் கோட்பாட்டைத் தன் கவிதையியலின் அடித்தளமாகக் கொண்ட தமிழ் இலக்கிய மரபுக்கு முதற்பார்வையில் வியப்பாகத் தோன்றலாம். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் தோன்றி வாழ்வன கருப்பொருள். அவற்றோடு பொருந்தி எழும் மனவொழுக்கம் உரிப்பொருள். நிலமும் அதன் மக்களும் ஒன்றையொன்று விட்டு நீங்காமல் அமைந்திருக்கும் இம்மரபில், நிலத்தைப் பாடும் உரிமை தனியே கேட்டுப் பெறவேண்டிய ஒன்றாக இருந்ததில்லை. ஆனால் பிறரை அப்புறப்படுத்திப் பெற்ற நிலத்தில் பிறந்து, அந்நிலத்தைத் தாயகமாக உணர்ந்து, அதன் மீது பொய்யில்லாத அன்பு கொண்ட ஒரு கவிஞரின் நிலை என்ன? அந்த அன்பு அறமாகுமா? அறமாகாதெனில் அதனை என் செய்வது?

இருபதாம் நூற்றாண்டு ஆஸ்திரேலியக் கவிஞர்களுள் முதன்மையானவராக மதிக்கப்பெறும் ஜூடித் ரைட் (1915–2000) தம் வாழ்நாள் முழுவதும் இவ்வினாவோடு வாழ்ந்தவர். அவருடைய வாழ்வையும் கவிதைப் பாடுபொருள்களையும் இவ்வறவினாவின் வழி நோக்குவதும், அவ்வினா வடவேங்கடச் சாரலிலும் புலம்பெயர் தமிழரிடத்தும் எவ்வாறு ஒலிக்கிறது என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாழ்வும் பின்புலமும்

ஜூடித் ரைட் 1915ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் ஆர்மிடேல் நகரை அடுத்த மேய்ச்சல் பண்ணை ஒன்றில் பிறந்தார். நியூ இங்கிலாந்து என்று குடியேறியவர்களால் பெயரிடப்பட்ட அம்மேட்டுநிலத்தில் அவருடைய குடும்பம் பரந்த மேய்ச்சல் நிலங்களை உடைமையாகக் கொண்டிருந்தது. அவருடைய முன்னோர் 1820களின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து வந்து ஹண்டர் பள்ளத்தாக்கில் குடியேறியவர்கள். அடுத்தடுத்த தலைமுறையினர் அங்கிருந்து வடக்கே நியூ இங்கிலாந்துக்கும் குவீன்ஸ்லாந்துக்கும் பரவினர். ஆடும் மாடும் சென்ற வழியெல்லாம் வேலி சென்றது. வேலி சென்ற வழியெல்லாம் தொல்குடிகள் நிலமிழந்தனர்.

பன்னிரண்டு வயதளவில் தாயை இழந்த ரைட், பாட்டியின் அரவணைப்பிலும் பின்னர் விடுதிப் பள்ளியிலும் வளர்ந்தார். சிட்னி பல்கலைக்கழகத்தில் பயின்றார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஆள் பற்றாக்குறையால் தந்தையின் பண்ணைக்குத் துணைசெய்யத் திரும்பியபோது அம்மேட்டுநிலம் தம் உடலோடும் மொழியோடும் எத்துணைப் பிணைந்தது என்பதை அவர் உணர்ந்தார். பின்னர் பிரிஸ்பேன் நகருக்குச் சென்று குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவாறே 'மீஞ்சின்' இலக்கிய இதழுக்கும் உதவினார். அங்கு முதல் உலகப்போரில் பங்கேற்றவரும் முறையான பட்டம் ஏதுமின்றித் தத்துவம் பயின்றவருமான ஜாக் மெக்கின்னியைச் சந்தித்தார். இருவரும் டாம்பரின் மலையில் வாழ்ந்தனர். அவர்களுக்கு 1950இல் ஒரு மகள் பிறந்தாள். மெக்கின்னி 1966இல் மறைந்தார். இளமையிலேயே தொடங்கிய செவிப்புலக் குறைவு முதுமையில் முழுமையான கேளாமையாக முடிந்தது. 2000ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் கான்பெராவில் ரைட் காலமானார்.

அவருடைய முதல் தொகுதியான 'தி மூவிங் இமேஜ்' 1946இலும், பெண்ணின் உடல், கருவுறுதல், மகப்பேறு ஆகியவற்றைப் பெண் குரலிலேயே பாடிய 'உமன் டு மேன்' 1949இலும் வெளிவந்தன. 1985இல் வெளிவந்த 'ஃபேண்டம் டுவெல்லிங்' தொகுதிக்குப் பின் அவர் புதிய கவிதைத் தொகுதி எதனையும் வெளியிடவில்லை. காலம், அன்பு, பெண்மை, பறவைகள், அணுகுண்டு யுகத்தின் அச்சம் எனப் பல பாடுபொருள்கள் அவரிடம் உண்டு. எனினும் அவை யாவற்றின் அடியிலும் நிலம் என்னும் ஒரே பொருள் ஓடிக்கொண்டிருப்பதைக் காணலாம்.

கருப்பொருளற்ற திணை

ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவைக் கைக்கொண்டபோது அதனை யாருக்கும் உரிமையில்லாத வெற்றுநிலம் எனக் கருதினர். அங்கு அறுபதினாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் வாழ்ந்து வருகின்றனர் என்பதற்குத் தொல்லியல் சான்றுகள் உள்ளன. ஆயினும் உழுத வயலும் கட்டிய கோட்டையும் இல்லாத காரணத்தால் அவர்களுக்கு நில உரிமை இல்லை எனச் சட்டம் கொண்டது. இக்கோட்பாட்டை ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் 1992ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் எடி மாபோ வழக்கின் தீர்ப்பில்தான் மறுத்தது.

சட்டம் செய்ததையே கவிதையும் செய்தது என்பது நோக்கத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆஸ்திரேலியக் கவிதைகளில் பரந்த வெளி உண்டு; மரம் உண்டு; குதிரை உண்டு; தனித்த மேய்ப்பன் உண்டு. அந்நிலத்திற்கு உரிய மக்கள் பெரும்பாலும் இல்லை. இருந்தாலும் மறைந்துகொண்டிருக்கும் நிழல்களாகவே வந்தனர். தமிழ்க் கவிதையியலின் சொற்களில் கூறுவதாயின், அது முதற்பொருள் இருந்து கருப்பொருள் பறிக்கப்பட்ட திணை. குறிஞ்சியில் குறவரும் முல்லையில் ஆயரும் நெய்தலில் பரதவரும் இல்லையெனின் அந்நிலங்களுக்கு உரிப்பொருள் எங்கிருந்து வரும்? வெளியிலிருந்து கொண்டுவரப்பட வேண்டும். அவ்வாறே ஆஸ்திரேலிய நிலத்தின் மீது ஐரோப்பியரின் தனிமையும் ஏக்கமும் வீரமும் உரிப்பொருளாக ஏற்றப்பட்டன.

ரைட்டின் தொடக்கக்காலக் கவிதைகளும் இம்மரபிலிருந்து முற்றும் விலகியவை அல்ல. 'புல்லோக்கி' என்னும் புகழ்பெற்ற கவிதையில் எருதுவண்டி ஓட்டும் முதியவன் ஒருவன் தனிமையில் சித்தம் கலங்கித் தன்னை மோசேயாகவும் தன் எருதுகளை வாக்களிக்கப்பட்ட நாட்டை நோக்கிச் செல்லும் மக்களாகவும் காண்கிறான். பள்ளிப் பாடநூல்களும் தொகுப்பு நூல்களும் அக்கவிதையைக் குடியேறியவர்களின் பெருமைப் பாட்டாகக் கொண்டாடின. அது வாசிக்கப்பட்ட முறை குறித்துப் பிற்காலத்தில் ரைட் மனநிறைவு கொள்ளவில்லை. வாக்களிக்கப்பட்ட நாடு என்னும் படிமம், ஏற்கெனவே அங்கிருந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்னும் வினாவை மறைத்துவிடுகிறது. விவிலியத்தில் கானான் நாட்டிலும் மக்கள் இருந்தனர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

நினைவின் வழி எழும் அறம்

எனினும் அதே முதல் தொகுதியிலேயே மற்றொரு குரலும் உண்டு. 'போரா ரிங்' என்னும் கவிதை, தொல்குடியினரின் சடங்கு நடைபெற்ற வட்டக்களம் ஒன்று புல் மூடிக் கிடப்பதைக் காட்டுகிறது. ஆடியவர்கள் இல்லை, பாட்டும் கதையும் மறைந்தன, அவ்வழியே குதிரையில் செல்லும் ஒருவனின் நெஞ்சம் மட்டும் ஒரு கணம் நின்றுவிடுகிறது. உடன்பிறந்தானைக் கொன்ற விவிலியக் காயீனின் பழம்பழி அவன் நினைவில் எழுகிறது. வெற்றிடமாகத் தோன்றியது உண்மையில் வெறுமையாக்கப்பட்ட இடம் என்பதே அக்கவிதை உணர்த்தும் செய்தி. இயல்பான வெறுமைக்கும் ஆக்கப்பட்ட வெறுமைக்கும் உள்ள இவ்வேறுபாடே ரைட்டின் அறநோக்கின் தொடக்கப்புள்ளி எனலாம்.

அத்தொகுதியின் பிறிதொரு கவிதை, நியூ இங்கிலாந்தின் செங்குத்துப் பாறைச்சரிவு ஒன்றிலிருந்து தொல்குடியினர் விரட்டித் தள்ளப்பட்டனர் என்று தந்தை வழியாகக் கேட்ட செய்தியை அடிப்படையாகக் கொண்டது. குடியேறியவர்கள் அவ்விடத்திற்கு இட்ட பெயரே இன இழிவுச் சொல்லைத் தாங்கியிருந்தது. பெயரில் பதிந்துவிட்ட கொலையை வரலாறு மறந்திருந்தது. அக்கவிதையில் இருள் மெல்ல மேலெழுந்து நிலத்தை மூடுகிறது. கொல்லப்பட்டவர்களும் மனிதரே என்ற எளிய உண்மையைக் காலந்தாழ்ந்து உணரும் ஒரு சமூகத்தின் இருள் அது. நியூ இங்கிலாந்து மேட்டுநிலத்திற்கு மேற்கே மயால் சிற்றாற்றங்கரையில் 1838ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் குறைந்தது 28 தொல்குடியினர் கொல்லப்பட்டதும், அதற்காக எழுவர் தூக்கிலிடப்பட்டதும் நீதிமன்றப் பதிவில் உள்ள வரலாறு. அத்தகைய தண்டனை பிற கொலைகளுக்குக் கிடைக்கவில்லை. கொலையை மறைக்கும் வழக்கமே பின்னர் வலுப்பெற்றது.

'அட் கூலூலா' என்னும் பிற்காலக் கவிதை இவ்வுணர்வின் முதிர்ந்த வடிவம். மாலை வேளையில் ஏரியில் நீலக்கொக்கு ஒன்று மீன் பிடிக்கிறது. அதற்கு அந்நீர் வீடு. அது எவரிடமும் உரிமை கேட்கவேண்டியதில்லை. கரையில் நிற்கும் கவிஞரோ வென்றோரின் வழிவந்தவர். அவ்வெள்ளிய மணலில் அவருடைய கால்கள் தயங்குகின்றன. முன்னொரு நாள் பட்டப்பகலில் ஈட்டியேந்திய கரிய உருவம் ஒன்று தம் பாட்டனாரை அழைத்து மறைந்தது என்ற குடும்பக் கதையும் அங்கு நினைவில் எழுகிறது. பறவைக்கு எளிதாய் இருக்கும் ஒன்று மனிதருக்கு ஏன் அரிதாகிறது? நிலத்தை அன்பு செய்தால் மட்டும் போதுமா? அன்பே உரிமையாகிவிடாது என்பதே அக்கவிதை தரும் விடை. ஆயினும் அக்கவிதை அன்பைக் கைவிடவும் இல்லை. இவ்விரு முனைகளுக்கும் இடையிலான இழுபறியே ரைட்டின் கவிதைக்கு உயிரூட்டுகிறது.

குற்றமும் பொறுப்பும்

ஈண்டு ஒரு தத்துவச் சிக்கல் எழுகிறது. தாம் பிறக்குமுன் நிகழ்ந்த கொடுமைக்கு ஒருவர் எவ்வாறு குற்றவாளியாவார்? ஜெர்மானியத் தத்துவ அறிஞர் கார்ல் யாஸ்பர்ஸ், இரண்டாம் உலகப்போருக்குப் பின் 1946இல் வெளிவந்த தம் நூலில் குற்றத்தைச் சட்டக் குற்றம், அரசியல் குற்றம், ஒழுக்கக் குற்றம், இருப்புநிலைக் குற்றம் என நால்வகையாகப் பகுத்தார். ஹன்னா ஆரெண்ட் குற்றத்தையும் பொறுப்பையும் வேறுபடுத்தினார். குற்றம் செய்தவருக்கே உரியது. எல்லாரும் குற்றவாளிகள் என்பது உண்மையான குற்றவாளியைத் தப்பவிடும் வழியாகவும் ஆகலாம். பொறுப்போ ஒரு சமூகத்தின் உறுப்பினர் என்னும் நிலையாலேயே ஒருவர் மீது வந்தமைவது. தாம் செய்யாததற்கும் பொறுப்பேற்க நேரும் என்பது அவர் கருத்து.

ரைட்டின் எழுத்துப் பயணம் இவ்வேறுபாட்டை வாழ்ந்து காட்டியதாக அமைகிறது. 1959இல் அவர் 'தி ஜெனரேஷன்ஸ் ஆஃப் மென்' என்னும் நூலில் தம் பாட்டனார் ஆல்பர்ட் ரைட்டும் பாட்டி மேயும் வாழ்ந்த வாழ்வை எழுதினார். பாட்டனாரின் நாட்குறிப்புகள் அதற்கு ஆதாரமாயின. வறட்சியும் கடனும் உழைப்பும் நிறைந்த ஒரு குடும்பக்கதையாக அந்நூல் வரவேற்கப்பட்டது. 22 ஆண்டுகள் கழித்து, 1981இல், அதே நிலத்தின் கதையை 'தி க்ரை ஃபார் தி டெட்' என்னும் நூலில் அவர் மீண்டும் எழுதினார். இம்முறை மையத்தில் நின்றவர்கள் மேய்ச்சல்காரர்கள் அல்லர். குவீன்ஸ்லாந்தில் அவர்களால் நிலமிழந்து அழிந்த வாட்ஜா மக்களும் அழிக்கப்பட்ட புல்வெளிகளும் ஆவர்.

ஒரே குடும்பம், ஒரே நிலம், இரு நூல்கள். முதல் நூல் பொய் என்று இரண்டாம் நூல் கூறவில்லை. பாட்டனார் உழைத்ததும் உண்மை. அவ்வுழைப்பு நிகழ்ந்த இடம் பிறரிடமிருந்து பறிக்கப்பட்டதும் உண்மை. முன்னோரைப் போற்றுதல், முன்னோர் செய்ததை அறிதல் என்னும் இரண்டில் ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றைப் பிடித்துக்கொள்வது எளிது. இரண்டையும் ஒருசேரத் தாங்குவதே அரிது. தென்புலத்தாரைப் பேணுதலை இல்வாழ்வானின் கடமைகளுள் ஒன்றாக வகுத்த வள்ளுவமே நடுவுநிலைமையையும் தனி அதிகாரமாக வகுத்திருப்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

ரைட்டிடம் குற்றவுணர்வு உண்டு. ஆனால் அது தன்னிரக்கமாகத் தேங்கிவிடவில்லை. 1962இல் குவீன்ஸ்லாந்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவியவர்களுள் அவர் ஒருவர். 1967இல் எல்லிசன் பவளத்திட்டில் சுண்ணாம்பு வெட்டி எடுக்க விண்ணப்பிக்கப்பட்டபோது அதனை எதிர்த்து எழுந்த போராட்டத்தில் முன்னின்றார். அப்போராட்ட வரலாற்றை 'தி கோரல் பேட்டில்கிரவுண்ட்' (1977) என்னும் நூலாகவும் எழுதினார். பெருந்தடுப்புப் பவளத்திட்டுக் கடற்பூங்காச் சட்டம் 1975இல் நிறைவேறியது. 1981இல் அப்பகுதி உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. 1979இல் பொருளறிஞர் எச்.சி. கூம்ஸ் முதலியோருடன் சேர்ந்து தொல்குடி உடன்படிக்கைக் குழுவில் பணியாற்றினார். தொல்குடிகளோடு அரசு முறையான உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டும் என்னும் அக்குழுவின் கோரிக்கையை 'வீ கால் ஃபார் எ ட்ரீட்டி' (1985) நூலில் பதிவு செய்தார். இறப்பதற்குச் சற்று முன்னரும் கான்பெராவில் நடைபெற்ற நல்லிணக்கப் பேரணியில் முதுமையைப் பொருட்படுத்தாது கலந்துகொண்டார்.

நாடளாவிய அத்தகைய உடன்படிக்கை இன்றுவரை ஏற்படவில்லை. தொல்குடிகளுக்கு நாடாளுமன்றத்திற்கு ஆலோசனை கூறும் அமைப்பொன்றை அரசியலமைப்பில் ஏற்படுத்தும் முன்மொழிவு 2023ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நடைபெற்ற பொதுவாக்கெடுப்பில் தோல்வியுற்றது. ஆகவே ரைட் எழுப்பிய வினா பழையதாகிவிடவில்லை.

இரு தோழியர்

ரைட்டின் அறவினாவை அவர் மட்டும் தனித்து எதிர்கொள்ளவில்லை. குவீன்ஸ்லாந்தின் மிஞ்சரிபா தீவில் 1920இல் பிறந்த கேத் வாக்கர் என்னும் தொல்குடிக் கவிஞரின் கையெழுத்துப் படிகள் பதிப்பகம் ஒன்றின் வழி கருத்துரைக்காக ரைட்டிடம் வந்தன. அவற்றின் ஆற்றலை உணர்ந்த ரைட் வெளியிடுமாறு பரிந்துரைத்தார். 'வீ ஆர் கோயிங்' என்னும் அத்தொகுதி 1964இல் வெளிவந்தது. ஆஸ்திரேலியத் தொல்குடியினர் ஒருவரின் முதல் கவிதை நூல் அதுவே. ஆங்கிலேயக் குடியேற்றத்தின் இருநூறாம் ஆண்டு 1988இல் கொண்டாடப்பட்டபோது, கேத் வாக்கர் தமக்கு அளிக்கப்பட்டிருந்த அரச விருதைத் திருப்பியளித்து, ஊட்கெரூ நூனுக்கல் என்னும் தம் குடிமரபுப் பெயரை ஏற்றார், 1993இல் மறைந்தார்.

இத்தோழமையைப் பாடும் 'டூ ட்ரீம்டைம்ஸ்' என்னும் ரைட்டின் கவிதை இவ்வாய்வுக்கு மிக இன்றியமையாதது. இருவரும் நிலத்தின் மீது காதல் கொண்டவர்கள், இருவரும் இழந்தவர்கள். ஒருவருக்கு நிலம் பறிபோனது. மற்றவர் அன்பு செய்த நிலம், பறித்தவர்களின் பேராசையாலேயே பாழானது. இருவர் துயரமும் ஒன்றே எனக் கூறி முடித்திருந்தால் அக்கவிதை இனிய பொய்யாகியிருக்கும். ரைட் அவ்வாறு செய்யவில்லை. துயரம் ஒத்ததாயினும் உரிமை ஒத்ததன்று என்பதை ஏற்று, கத்தியின் பிடியைத் தோழியின் பக்கம் திருப்பி நீட்டுவதாகக் கவிதையை முடிக்கிறார். தீர்ப்பு வழங்கும் இடத்தில் தாம் இல்லை என்னும் அறிதலே அதன் அறம். மன்னிப்பைத் தாமே வழங்கிக்கொள்ளும் உரிமை குற்றத்தின் பயனை நுகர்ந்தவர்க்கு இல்லை.

இங்கு ஒரு மறுப்பும் எழக்கூடும். பண்ணைக் குடும்பத்தில் பிறந்து, அதன் வழிவந்த கல்வியையும் ஓய்வையும் நுகர்ந்து, பின்னர் அதற்காக வருந்திப் பாடுவது வசதி படைத்தோரின் மனநிறைவுக்கான வழிதானே? வருத்தம் வயலைத் திருப்பித் தருமா? இம்மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. கவிதை எதனையும் ஈடுசெய்யாது என்பது உண்மையே. ஆயின் ஈடுசெய்தல் தொடங்குவதற்கு முன் நிகழ்ந்தது என்ன என்பது சொல்லப்பட வேண்டும். சொல்வதற்குரிய மொழி இல்லாத சமூகத்தில் சட்டமும் செயற்படாது. வெறுமை என்று அழைக்கப்பட்டதை வெறுமையாக்கப்பட்டது என்று பெயர் மாற்றும் பணியைக் கவிதை செய்யலாம். அதற்கு மேற்பட்ட பணிக்குக் கவிதையை விட்டு வெளியே வரவேண்டும். ரைட் இரண்டையும் செய்தார் என்பதே அம்மறுப்புக்கு விடை.

வேங்கடமும் புல்லியும்

இவ்வினா தொலைதூர நாட்டினர்க்கு மட்டும் உரியதன்று. தமிழகத்தின் வட எல்லையாக வேங்கடத்தைச் சுட்டும் வழக்கைத் தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம் நிலைபெறச் செய்தது. ஆனால் அகநானூற்றில் மாமூலனார் முதலியோர் பாடல்களில் வேங்கடம் வெறும் எல்லைக்கோடாக வருவதில்லை. அது கள்வர் கோமான் புல்லியின் மலை. அங்கு மக்கள் உள்ளனர். யானையும் காடும் அவர்தம் வழக்கங்களும் உள்ளன. அம்மலையைக் கடந்தால் மொழி மாறும். ஒரே மலை, ஒரு பார்வையில் ஒருவருடைய வாழிடம். மற்றொரு பார்வையில் மற்றவர்களுடைய எல்லை. எல்லை என்னும் சொல் நிலைபெற நிலைபெறப் புல்லியின் குடிகள் நினைவிலிருந்து அகன்றனர்.

இன்றைய சித்தூர் மாவட்டத்தின் வெதுருகுப்பம் போன்ற ஊர்களின் பெயர்களே இதற்குச் சான்றாகின்றன. தெலுங்கில் வெதுரு என்பது மூங்கில். சங்கத் தமிழில் அதே பொருளுக்கு வெதிர் என்னும் சொல் வழங்கியது. தமிழ்ப் பேச்சில் வழக்கொழிந்த சொல் தெலுங்கு ஊர்ப்பெயரில் உயிரோடு நிற்கிறது. குப்பம் என்பது இரு மொழிக்கும் பொதுவாய் வழங்குகிறது. இப்பெயரை எம்மொழியின் உடைமை எனப் பிரிப்பது? மூங்கிற்காட்டின் பெயர் இரு மொழிகளுக்கும் முற்பட்ட உறவை நினைவூட்டுகிறது.

ஆந்திர மாநிலம் 1953ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் தோன்றியபோது சித்தூர் மாவட்டம் அதனுள் அடங்கியது. ம.பொ. சிவஞானம் முதலியோர் முன்னின்ற எல்லைப் போராட்டத்தின் பின், படாஸ்கர் பரிந்துரைப்படி 1960இல் திருத்தணிப் பகுதி தமிழகத்தோடு இணைந்தது. ஊரை அலகாகக் கொண்டு, பெரும்பான்மையோர் பேசும் மொழியின் அடிப்படையில் எல்லை வகுக்கப்பட்டது. இம்மலை எம்மொழியினருக்கு உரியது என்பதே இரு தரப்பும் கேட்ட வினா. மலையிலும் காட்டிலும் வாழ்ந்த யானாதியர், இருளர் முதலிய குடிகள் அவ்வழக்கில் ஒரு தரப்பாக நிற்கவில்லை. மொழிக் கணக்கின் எண்களாகவே அமைந்தனர்.

யானாதியரைக் குடியேற்ற அரசு குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்திருந்தது. அச்சட்டம் விடுதலைக்குப் பின் 1952இல்தான் நீக்கப்பட்டது. யானாதியர் வாழிடங்களுள் ஒன்றான ஸ்ரீஹரிகோட்டா தீவு விண்வெளித் தளத்திற்காக 1969இல் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதனால் அவர்கள் தம் வாழிடம் விட்டுப் பெயர நேர்ந்தது. 2022இல் உருவான திருப்பதி மாவட்டத்தில் இன்று அத்தீவு அடங்குகிறது. விண்ணேகும் கலங்களின் பெருமை உண்மை. அத்தீவில் தேனும் கிழங்கும் தேடி வாழ்ந்தோரின் இழப்பும் உண்மை. ரைட்டின் இரு நூல்களைப் போலவே இந்நிலத்திற்கும் இரு நூல்கள் எழுதப்பட வேண்டும். முதல் நூல் பலமுறை எழுதப்பட்டுவிட்டது.

ஆஸ்திரேலிய நிலையையும் இந்நிலையையும் முற்றும் ஒன்றெனக் கொள்வது பிழையாகும். தமிழும் தெலுங்கும் பேசுவோர் கடல்கடந்து வந்து இந்நிலத்தைக் கைக்கொண்டவர் அல்லர். நூற்றாண்டுகளாக இங்குக் கலந்து வாழ்பவர்கள். எனினும் நிலத்தின் பெயரால் பெருமைகொள்ளும் ஒவ்வொரு சமூகமும், தன் பெருமைப் பாட்டில் யார் விடுபட்டுள்ளனர் எனக் கேட்கும் கடமையிலிருந்து தப்ப இயலாது. ஒப்பீடு நின்றுபோகும் இடத்திலும் வினா நிற்கவே செய்கிறது.

புலம்பெயர் தமிழரும் இரட்டை நிலையும்

இவ்வினாவின் மிக நுட்பமான வடிவத்தை ஆஸ்திரேலியாவில் வாழும் ஈழத்தமிழரிடம் காணலாம். போரால் நிலமிழந்து சென்றவர்கள் அவர்கள். நிலமிழத்தலின் வலி அவர்கள் கவிதையின் உயிர்நாடி. பறம்பை இழந்த பாரி மகளிரின் நிலவொளிக் கையறுநிலை முதல் இன்றைய ஈழக் கவிதை வரை இவ்வலிக்குத் தமிழில் நெடிய மரபு உண்டு. ஆனால் அவர்கள் அடைக்கலம் பெற்ற நிலமும் பிறரிடமிருந்து பறிக்கப்பட்ட நிலமே. நிலமிழந்தவர், பறிபோன மற்றொரு நிலத்தில் வீடு கட்டுகிறார். இங்கு அவர் பறித்தவரும் அல்லர். பறிகொடுத்தவர் மட்டுமே எனவும் கொள்வதற்கில்லை.

கான்பெராவில் வாழும் ஈழக் கவிஞர் ஆழியாள், ஆஸ்திரேலியத் தொல்குடிக் கவிஞர்களின் கவிதைகளைத் தமிழாக்கிப் 'பூவுலகைக் கற்றலும் கேட்டலும்' என்னும் நூலாக 2017இல் வெளியிட்டது இவ்வகையில் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. குடியேறிய நாட்டின் இலக்கியம் என்றவுடன் ஆளும் இனத்தாரின் எழுத்தை மட்டும் மொழிபெயர்க்கும் வழக்கத்திற்கு மாறாக, அந்நிலத்திற்கு முதல் உரிமையுடையோரின் குரலுக்குத் தமிழ் செவிசாய்க்கிறது. விருந்தினர் வீட்டுக்குரியவரின் பெயரைக் கேட்டறிவது போன்றது இச்செயல். நூலின் தலைப்பில் உள்ள கேட்டல் என்னும் சொல், செவிப்புலன் இழந்தும் வாழ்நாள் முழுதும் கேட்க முயன்ற ரைட்டின் அறத்தோடு ஒத்திசைகிறது.

முடிவுரை

தொல்குடி மரபில் நிலம் மனிதரின் உடைமையன்று. மனிதரே நிலத்திற்கு உரியவர்கள். இக்கருத்தைத் திணைக் கோட்பாட்டோடு ஒப்பிடும் ஆர்வம் தமிழ் ஆய்வாளருக்கு எழுவது இயல்பு. அவ்வொப்பீடு பயனுடையதே, ஆயினும் பெருமைக்கான சான்றாக மட்டும் அது நின்றுவிடுமாயின், கருப்பொருளை மறந்து முதற்பொருளைப் பாடும் பிழையே மீண்டும் நிகழும். திணை என்பது அழகிய நிலக்காட்சிகளின் வரிசையன்று. யார் எங்கு வாழ்கின்றனர் என்னும் ஒப்புகை. குறவரின்றிக் குறிஞ்சியில்லை என்னும் இலக்கணத்தில் ஓர் அறக்கட்டளையும் அடங்கியுள்ளது. நிலத்தைப் பாடுவோர் அதன் மக்களையும் பாடவேண்டும். அவர்கள் அங்கு இல்லையெனின் ஏன் இல்லை எனக் கேட்கவேண்டும்.

உரிமையில்லா நிலத்தின் மீது கொண்ட அன்பை என் செய்வது என்னும் வினாவுக்கு ஜூடித் ரைட் அன்பைத் துறத்தலையோ, அதனையே உரிமையாக்கிக்கொள்ளுதலையோ விடையாகத் தரவில்லை. அன்பைக் கடனாக மாற்றிக்கொள்வதே அவர் கண்ட வழி. நேசிக்கும் நிலத்தின் உண்மை வரலாற்றை அறிதல், அதன் உயிர்களைக் காத்தல், அதற்கு முதலில் உரியவர்கள் பேசும்போது கேட்டல் ஆகிய மூன்றும் அக்கடனின் கூறுகள். அக்கடன் ஒரு தலைமுறையில் தீர்வதன்று. பவளத்திட்டையும் உடன்படிக்கையையும் பற்றிய அவருடைய உழைப்பின் ஒரு பகுதி நிறைவேறியது. மறுபகுதி பின்வந்தோர் பொறுப்பாக எஞ்சியுள்ளது. வேங்கடச் சாரலின் மூங்கிற்காடுகளைப் பாடப்போகும் கவிஞரும், அங்கு முதலில் வாழ்ந்தோர் யாவர் என்னும் வினாவைத் தம் பாட்டின் முதற்பொருளோடு சேர்த்து வைத்துக்கொள்வாராயின் அக்கடனின் ஒரு பங்கு இங்கும் அடைபடும்.